விளைச் செட்டில் எலியா, கரையானா, முப்ளி வண்டா? அறிகுறி பார்த்து ஓட்டை அடைக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம், அருமனை, பனச்சமூடு வட்டாரத்தில் ரப்பர் விளை (தோட்டம்) இருந்தால் அதற்குள் ஒரு செட்டும் இருக்கும். காய்ந்த ரப்பர் ஷீட், ஒட்டுப்பால் (மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர்ப்பால்) சாக்கு, உரம், மோட்டார் ஸ்டார்ட்டர், மருந்தடிக்கும் மிஷின், காலித் தேன்பெட்டி எல்லாம் அதற்குள்தான். இடவப்பாதிக்கு, அதாவது வைகாசி நடுவில், ஒரு மழை, ஐப்பசிக்கு இன்னொரு மழை என்று வருடத்தில் பாதிக்கு மேல் வெளியே ஈரம். காய்ந்த இடம் தேடி அலையும் அத்தனை உயிருக்கும் அந்தச் செட்தான் சத்திரம்.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்வது 10 அடிக்கு 8 அடி செட். கருங்கல் அஸ்திவாரம், ஹாலோ பிளாக் சுவர், மேலே ஜி.ஐ. தகரம் அல்லது பழைய சிமெண்ட் ஷீட். ஓட்டுக் கூரை என்றால் கூரை வேலை மட்டும் மாறும்.

வேலையைத் தொடங்க நல்ல காலம் மாசி, பங்குனி. சித்திரை மழை விழுந்தால், ரப்பர்ச் சருகில் வளரும் முப்ளி வண்டு வந்துவிடும், அதற்குப் பிறகு சிமெண்ட் காய நேரமிருக்காது. இன்னொன்று: எந்த ஓட்டையையும் முதல் நாளே அடைக்காதீர்கள். உள்ளே எலி இருக்கும்போது அடைத்தால் அது கதவைக் கடிக்கும், அல்லது சுவருக்குள் செத்து நாறும். கண்டுபிடிப்பது, வெளியேற்றுவது, அடைப்பது, கடைசியில் வெப்பத்தடுப்பு. இந்த வரிசை மாறியதால் வீணான பணம்தான் அதிகம்.

எங்கே நுழைகிறது என்றே தெரியவில்லை

மதியம் 12 மணிக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் தெரியும். ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். இருட்டிய பிறகு உள்ளே எமர்ஜென்சி விளக்கை ஏற்றி வைத்து வெளியே ஒரு சுற்று வாருங்கள். பகலில் தப்பிய தரையோரக் கசிவு அப்போது தெரியும்.

அளவு பார்க்க ஒரு பென்சில் போதும். பென்சில் உள்ளே போகிற ஓட்டையில் சுண்டெலி போகும். அதற்கு 6 மி.மீ. தாராளம். 12 மி.மீ. இருந்தால் வளர்கிற எலிக்குட்டி நுழைந்துவிடும். தலை நுழைந்தால் உடம்பைச் சுருக்கி இழுத்துக்கொள்ளும். அதனால் ‘இதுக்குள்ள எலி எப்படிப் போகும்’ என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள்.

சந்தேகப்படும் இடத்தில் இரவு கோலமாவை ஒரு முழ நீளத்துக்கு மெல்லிசாகத் தூவுங்கள். கல்மாவுதான் வேண்டும், அரிசிமாவு தூவினால் காலையில் எறும்புப் படைதான் இருக்கும். கால் தடம் தெரிந்து, நடுவே வால் இழுபட்ட கோடும் இருந்தால் எலி. தடமே இல்லாமல் வளைந்து வளைந்து ஒரு பட்டை போயிருந்தால் பாம்பு; அதற்குக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

ஓட்டை புழக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க, பழைய செய்தித்தாளைக் கசக்கி இறுக்காமல் செருகுங்கள். மூன்று இரவு கழித்தும் தாள் அப்படியே இருந்தால் அந்த வழியில் போக்குவரத்து இல்லை, அடைக்கலாம்.

புழுக்கை, கடித்த சாக்கு, சுவரோரம் கறுத்த பிசுக்கு

புழுக்கையின் அளவைப் பாருங்கள். அரிசி போலச் சின்னதாய், நுனி கூராய் இருந்தால் சுண்டெலி. சுமார் 12 மி.மீ. நீளத்தில் கதிர் போல இருந்தால் தென்னையும் கூரையும் ஏறுகிற எலி. அதைவிடப் பெரிதாய்த் தடித்து இருந்தால் பெருச்சாளி. ஒரு குச்சியால் அழுத்தியதும் பொடியாய் உதிர்ந்து, பூச்சிச் சிறகு போல மினுக்கினால் அது எலியே இல்லை, வௌவால். கீச்சுச் சத்தமும் ஒருவித வாடையும் மட்டும் இருந்து, சாக்கில் கடி இல்லையென்றால் மூஞ்சூறாக இருக்கலாம். அது கரப்பானைத் தின்கிற பிராணி, பொருளைக் கடிக்காது. விட்டுவிடலாம்.

பெருக்குவதற்கு முன் நனையுங்கள். ப்ளீச்சிங் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. தெளித்துப் பத்து நிமிடம் கழித்து ஈரத்துணியால் வழித்தெடுங்கள். காய்ந்த புழுக்கையை விளக்குமாற்றால் கூட்டினால் தூசி மூக்குக்குள் போகும். எலி மூத்திரத்திலிருந்துதான் எலிக்காய்ச்சல் வருகிறது, காலில் புண் இருந்தால் அந்த வழியாகவே ஏறும். கையுறை, முகக்கவசம், கம்பூட்ஸ் இல்லாமல் இந்த வேலை வேண்டாம்.

அடுத்தது பொறி. இந்த அளவு செட்டுக்கு அடிப்பொறி 6 வையுங்கள். சுவருக்குக் குறுக்காக, இரை உள்ள முனை சுவரைத் தொடுகிற மாதிரி வைக்க வேண்டும், ஏனென்றால் எலி சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும். சுட்ட தேங்காய்த் துண்டு, கருவாடு இரண்டும் நல்ல இரை. முதல் இரண்டு மூன்று இரவு பொறியை ஏற்றாமல் இரையை மட்டும் தின்னவிடுங்கள். எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கும். அவசரப்பட்டு முதல் நாளே ஏற்றினால் ஒன்று சிக்கும், மற்றவை உஷாராகிவிடும்.

எலி மருந்தை உள்ளே வைக்கவே வேண்டாம். புரோமாடியோலோன் கட்டியைத் தின்ற எலி நாலைந்து நாள் கழித்துத்தான் சாகும், அதுவும் எட்டாத இடத்தில் போய்ச் சாகும். வைத்தே ஆகவேண்டுமென்றால் வெளியே, பூனையும் கோழியும் தொட முடியாத பெட்டிக்குள் வையுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையைத் தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறார்கள். மனிதர் வயிற்றுக்குள் போனால் அதற்கு முறிமருந்து கிடையாது. யாராவது பழைய ட்யூப் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இனி அடைப்பு. கதவடியில் தொடங்குங்கள், எலிக்கு அதுதான் ராஜபாட்டை. மரக்கதவு மழைக்காலத்தில் ஊதி இறுகிவிடும், தை மாசியில் காய்ந்து சுருங்கும். ஆகவே இடைவெளியைத் தை மாசியில் அளக்க வேண்டும். 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் வாசற்படியைச் சிமெண்ட் வைத்து உயர்த்துங்கள். கதவின் அடியில் 30 செ.மீ. உயரத்துக்கு 24 கேஜ் ஜி.ஐ. தகட்டை இரண்டு பக்கமும் மடக்கி ஸ்குரு போடுங்கள். கட்டளைச் சட்டத்தின் (கதவு நிலையின்) அடிப்பகுதிக்கும் அதே தகடு. கதவைக் காப்பாற்றிவிட்டுச் சட்டத்தை மறந்தால் எலி சட்டத்தைக் கொறித்து உள்ளே வரும். கடையில் விற்கிற ரப்பர் பட்டையைத் தனியாக ஒட்டினால் ஒரு மாதம் தாங்காது. பட்டை வேண்டுமென்றால் அதன் முன்னால் தகடு இருக்கட்டும், பூச்சியைத் தடுக்க மட்டும் பட்டை.

குழாயும் ஒயரும் நுழைகிற ஓட்டைக்கு எவர்சில்வர் பாத்திர நாரை இறுக்கித் திணித்து, மேலே ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவை பூசுங்கள். சாதாரண இரும்பு நார் ஒரே மழைக்காலத்தில் துருவாகிக் கொட்டிவிடும். ஸ்பிரேயில் வருகிற பியூ போம் (பாலியூரித்தேன் நுரை) காற்றையும் எறும்பையும் கொஞ்ச நாள் தடுக்கும். எலிக்கு அது பஞ்சுமிட்டாய். பழைய வழக்கப்படி கண்ணாடித் துண்டு போட்டு அடைப்பவர்கள் உண்டு. எலி அதைச் சுற்றித் தோண்டிக்கொண்டு போய்விடும், பிறகு கை வைப்பவருக்குத்தான் வெட்டு.

காற்றுவழிக்கும் ஷீட் இடைவெளிக்கும் கால் இஞ்ச் ஓட்டை உள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ் வாங்குங்கள், கம்பி 0.9 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கோழிக்கூட்டு வலை உதவாது. ஓட்டை பெரிது, கம்பி மெல்லிசு.

ஹாலோ பிளாக் சுவரில் ஒரு ரகசியம் இருக்கிறது. மேல்வரிசைக் கல்லின் குழி திறந்திருந்தால் சுவர் முழுவதும் எலிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு. ஷீட் ஏறுகிற இடத்தில் ஏணி வைத்துப் பாருங்கள், கொத்தனார் மூடாமல் விட்டது தெரியும். குழிக்குள் அரைச் சாண் ஆழத்தில் மெஷ் துண்டை மடித்து வைத்து, அதன் மேல் 75 மி.மீ. கான்கிரீட் போட்டு மூடுங்கள். மூடுவதற்கு முன் மூன்று இரவுத் தாள் சோதனை கட்டாயம்.

சுவரோரம் புது மண்கும்பல்

பெருச்சாளி, அல்லது அதன் தம்பியான வயல் எலி. மரச்சீனி (மரவள்ளி) நட்டிருக்கும் விளையில் சாதாரணம். கும்பலை விலக்கினால் வளையின் வாய் தெரியும். உள்ளிருந்தே மண்ணால் அடைத்து வைத்திருக்கும். தரை சிமெண்டாக இருந்தாலும் அடியில் பள்ளம் விழுந்து ஒருநாள் தரை உட்காரும். ஆகவே பார்த்தும் பார்க்காமலும் விடக்கூடாத அறிகுறி இது.

வளையை மட்டும் அடைத்தால் இரண்டடி தள்ளி இன்னொன்று திறக்கும். செட்டைச் சுற்றி மண்ணுக்குள் வலை இறக்குவதுதான் தீர்வு. சுற்றளவு 36 அடி, மூலை மடிப்பும் மேல்படிவும் சேர்த்து 42 அடி மெஷ் வேண்டும். 3 அடி அகல ரோல் கச்சிதம். சுவரை ஒட்டி 60 செ.மீ. ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, வலையை நேராக 60 செ.மீ. இறக்கி, மிச்சம் 30 செ.மீ.யை வெளிப்பக்கமாக மடக்கிப் படுக்க வையுங்கள். தோண்டி வருகிற பெருச்சாளி சுவரை ஒட்டித்தான் கீழே இறங்கும். படுத்திருக்கும் வலையில் கால் பட்டதும் பின்வாங்கிச் சுற்றிப் போகத் தெரியாமல் அதே இடத்தில் கீறிக்கொண்டிருக்கும். மடிப்பை உள்பக்கமாக வைத்தால் இந்தப் பயன் போய்விடும், நிறையப் பேர் தவறுகிற இடம் இது. வலையின் மேல்விளிம்பைச் சுவரோடு சேர்த்துச் சிமெண்ட் பூசி மூடுங்கள்.

சுற்றிலும் இரண்டடி அகலத்துக்குச் சல்லி போட்டுப் புல் பூண்டு இல்லாமல் வைத்தால், அடுத்த முறை மண்கும்பல் விழுந்த அன்றே கண்ணில் படும்.

சித்திரை மழை விழுந்த சாயங்காலம் கூரை முழுக்கக் கறுப்பு வண்டு

முப்ளி வண்டு. திருச்சூர் மாவட்டத்து முப்ளியம் என்ற ஊரின் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது. 8 மி.மீ. நீளம், கருப்பும் பழுப்பும் கலந்த நிறம். மார்கழி, தை மாதம் ரப்பர் இலை உதிர்கிறதல்லவா, அந்தச் சருகில்தான் முட்டை, புழு எல்லாம். வாடி விழுந்த தளிர் இலை இதற்கு நல்ல தீனி. கோடைமழை தொட்டதும் கூட்டமாகக் கிளம்பி, அந்தியில் விளக்கு வெளிச்சத்தைத் தேடி வந்து, ஓட்டிடுக்கிலும் சீலிங்கிலும் ஆயிரக்கணக்கில் ஒண்டிக்கொண்டு அடுத்த இலையுதிர்வு வரை மாதக்கணக்கில் தூங்கும். ரப்பர் இல்லாத ஊர்க்காரர் சொன்னால் நம்ப மாட்டார்.

நசுக்காதீர்கள். காரமான ஒரு நீரை விடும். தோலில் பட்டால் பழுப்புக் கறையும் எரிச்சலும், சிலருக்குக் கொப்புளமும் வரும். தேன்பெட்டி மேல் விழுந்தாலோ காய்கிற ரப்பர் ஷீட்டில் ஒட்டினாலோ அந்த நாற்றம் போகாது.

வந்த பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான். செட்டிலும் அதை ஒட்டிய சாய்ப்பிலும் இரண்டு வாரம் அந்தியில் விளக்கு போடாதீர்கள். இருபது மீட்டர் தள்ளி ஒரு பல்பைத் தொங்கவிட்டு, அடியில் அகலமான சருவத்தில் சோப்புத்தண்ணீர் வையுங்கள். பாதிக் கூட்டம் அதில் விழும். உள்ளே கூடியவற்றை நீளக் கைப்பிடித் துடைப்பத்தால் சோப்புத்தண்ணீர் வாளிக்குள் தள்ளுங்கள். மருந்தடித்தால் அன்றைக்குக் கொட்டும், மறுநாள் விளையிலிருந்து புதிய கூட்டம் வரும். அதற்காகச் செலவழிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

வராமல் தடுக்க, பங்குனிக்குள் இரண்டு வேலை. செட்டைச் சுற்றி 10 மீட்டருக்குச் சருகை வாரி அப்புறப்படுத்துங்கள். காற்றுவழியில் எலிக்காகப் போட்ட மெஷ்ஷின் உள்பக்கம் எவர்சில்வர் கொசுவலை ஒன்றைச் சட்டமடித்து வையுங்கள். நைலான் கொசுவலை மட்டும் போட்டால் எலி அறுத்துவிடும். வெளியே கம்பி வலை, உள்ளே மெல்லிய வலை என்ற இரட்டை ஏற்பாடுதான் நிற்கும். ஓட்டுக் கூரை என்றால் வண்டை முழுதாகத் தடுக்க முடியாது. ஓட்டுக்கடியில் சீலிங் அடித்து ஓரத்தை மூடுவது ஒன்றே வழி.

பலகைக்கு அடியில் மாவு; சுவரில் மண்கோடு

இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கரையான் மருந்து அடிப்பவர்கள் பலர். வேறு வேறு பூச்சிகள்.

பலகையில் ஊசித்துளை, அடியில் மைதா போலப் பொடி என்றால் துளைக்கும் வண்டு. ரப்பர் மரப் பலகையில் இது கிட்டத்தட்ட நிச்சயம், ஏனென்றால் அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். மில்லில் மருந்தேற்றாமல் அறுத்து வந்து ஷெல்ப் அடித்தால் ஒரு வருடத்தில் சல்லடை. புதுப்பலகைக்கு, அறுத்த ஈரம் காயும் முன்பே, 5 லிட்டர் வெந்நீரில் வெண்காரம் 300 கிராம், போரிக் ஆசிட் 200 கிராம் கரைத்து முக்கி எடுத்து, தார்ப்பாயால் மூடி அடுக்கி வையுங்கள். மருந்து மெல்ல உள்ளே இறங்கும். காய்ந்த பழைய பலகையில் இதே கரைசலை மூன்று முறை தடவினாலும் மேலோடுதான் நிற்கும். துளை நிறைய விழுந்த பலகையைத் தூக்கி அடுப்பில் வைத்துவிடுங்கள். இந்த மருந்து மழையில் கரைந்து போகும், உள்வேலைக்கு மட்டும்.

சுவரில் பென்சில் தடிமனுக்கு மண்கோடு ஏறினால் கரையான். கோட்டை நடுவில் இரண்டு விரற்கடை உடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் திரும்பக் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. கட்டவில்லையென்றால் அது பழைய பாதை, தட்டிவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள்.

கரையானுக்கு ஈரம்தான் உயிர். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, மோட்டார் குழாய் ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். அதைச் சரி செய்யாமல் ஊற்றும் மருந்து ஆற்றில் கரைத்த புளி.

மருந்து: இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி., லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. சுவரின் வெளிப்புறத்தில் 12 மி.மீ. கம்பியால் 15 செ.மீ.க்கு ஒன்று வீதம், 30 செ.மீ. ஆழத்துக்குத் துளையிட வேண்டும். 36 அடிச் சுற்றளவு என்பது 11 மீட்டர், மீட்டருக்கு 2.25 லிட்டர் கணக்கில் மொத்தம் 25 லிட்டர் கரைசல், மருந்து 53 மி.லி. போதும். துளைகள் 73 அளவில் வரும், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஊற்றியதும் துளையை மண்ணால் அடையுங்கள். வலை இறக்கும் வேலையும் இருந்தால் அதை முதலில் முடித்து, கடைசியாக மருந்து ஊற்றுங்கள். ஊற்றிய மண்ணைத் திரும்பக் கிளறினால் மருந்துப் படலம் அறுந்துவிடும்.

கிணறு பக்கத்தில் இருந்தால் ஊற்றவே ஊற்றாதீர்கள். தேனீக்கு இந்த மருந்து எமன். மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி இல்லாத விளை குறைவு என்பதால் சொல்கிறோம்: மண்ணுக்குள் மட்டும், செடியில் தெளிக்க வேண்டாம், அளந்த வாளியைக் கழுவிய தண்ணீரையும் துளைக்குள்ளேயே விடுங்கள்.

அடுக்குகளை இரும்புக் காலில் தரையிலிருந்து 15 செ.மீ. தூக்கி, சுவரிலிருந்து ஒரு கை நுழையும் அளவு தள்ளி வையுங்கள். கரையான் வரும் வழி கண்ணுக்குத் தெரியும். தேளும் பூரானும் ஒண்ட இடமிருக்காது. தேள் இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு இருட்டில் யூ.வி. டார்ச் அடித்துப் பாருங்கள், பச்சையாய் ஒளிரும்.

மோட்டார் ஸ்டார்ட்டர் கடகடவென்று அடிக்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது

முதலில் வோல்ட் மீட்டர். மூன்று பேஸில் 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மிகக் குறைந்திருந்தால் குற்றம் கரண்டில். வோல்டேஜ் சரியாக இருந்தும் அடித்தால், காண்டாக்டருக்குள் (ஸ்டார்ட்டரில் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சுக்குள்) எறும்போ பல்லியோ இருக்கும். வெதுவெதுப்பாக இருப்பதால் எறும்பு முட்டையோடு குடியேறும். காண்டாக்ட் முனைகளுக்கு நடுவே நசுங்கி ஒரு படலமாக ஒட்டி, முழுசாகச் சேரவிடாது. பல்லி இரண்டு டெர்மினலைத் தொட்டபடி கருகிக் கிடப்பதும் உண்டு.

மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். காய்ந்த பெயிண்ட் பிரஷால் தட்டி, சைக்கிள் பம்பால் ஊதுங்கள். மண்ணெண்ணெய், ஆயில் எதுவும் காண்டாக்டில் படக்கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முனையின் வெள்ளிப்பூச்சு போய்விடும், அதையும் செய்யாதீர்கள்.

பெட்டியின் அடியில் ஒயர் நுழையும் ஓட்டைக்கு அளவான கேபிள் கிளாண்ட் (ஒயரை இறுக்கிப் பிடித்து ஓட்டையை மூடும் பிடிப்பு) போடுங்கள். பயன்படாத ஓட்டைக்கு பிளைண்ட் மூடி. மூடியின் ரப்பர் வாஷர் இற்றிருந்தால் மாற்றுங்கள். பாச்சா உருண்டை ஒன்றைப் போட்டு வைப்பவர்களுக்குச் சில வாரம் பலன் தெரியும், கரைந்ததும் எறும்பு திரும்பும். சுவரிலுள்ள பிளக் பாயிண்ட் ஓட்டையில் மண் அடைத்திருந்தால் குளவி. பிளக் மூடி போட்டால் தீர்ந்தது.

ஷீட்டுக்கு அடியில் சரசரப்பு, வெப்பத்தடுப்பு கிழிந்து தொங்குகிறது

தகரச் செட்டின் பகல் சூட்டில் பூச்சிமருந்து கெடும், ரப்பர் ஷீட் ஒன்றோடொன்று ஒட்டும், மிஷினின் பேட்டரி சீக்கிரம் போகும். அதனால் கடையில் கேட்டு எதையாவது வாங்கி அடித்துவிடுகிறார்கள். அடித்த பொருள் எது என்று பாருங்கள்.

தெர்மோகோல் என்றால் பிரித்து எடுத்துவிடுங்கள். எலி குடைந்து கூடு கட்டும், கட்டெறும்பு அறை அறையாகத் துளைக்கும், கரையான்கூட அதன் வழியே ஏறும். சரசரப்புக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். கண்ணாடிப் பஞ்சை மூடியில்லாமல் விட்டால் எலி பிய்த்து மெத்தை போட்டுக்கொள்ளும். மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கனத்துத் தொங்கவும் செய்யும்.

இந்த ஊருக்கு ஒத்துவருவது அலுமினியத் தாள் ஒட்டிய 10 மி.மீ. எக்ஸ்.எல்.பி.இ. போம் (பாலிஎத்திலீன் நுரைப் பாய்). அதையும் எலி கடிக்கும் என்பதை மறக்காதீர்கள். கடிப்பது எப்போதும் ஓரத்திலிருந்துதான். நடுவிலுள்ள வழுவழுப்பில் பல் பிடிக்காது. ஆக ஓரத்தை மூடிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செய்முறை: ஷீட்டுக்கும் அலுமினியத் தாளுக்கும் இடையே 25 மி.மீ. காற்று இடைவெளி விட்டு, சட்டங்களின் அடிப்பக்கத்தில் வாஷர் வைத்த ஸ்குருவால் இறுக்குங்கள். ஷீட்டோடு ஒட்டிவிட்டால் பளபளப்புக்கு வேலையே இல்லை. ஒரு பாயின் மேல் அடுத்தது 5 செ.மீ. ஏறி வரட்டும், சேர்க்கையில் அலுமினிய டேப். நான்கு ஓரமும் ஜி.ஐ. தகட்டை ‘ப’ வடிவில் மடக்கி அதற்குள் போமின் விளிம்பைச் செருக வேண்டும். எலித்தொல்லை அதிகமுள்ள இடத்தில் இதற்கு அடியில் 6 மி.மீ. சிமெண்ட் போர்டு சீலிங் அடித்துவிடலாம். செலவு ஏறும், பிறகு திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பியூ சாண்ட்விச் பேனலே போடுகிறவர்கள் வெட்டிய ஓரத்தைத் தகடால் மூடாமல் கூரையேற்ற வேண்டாம்.

அதற்கெல்லாம் பணமில்லையென்றால் மேல்பக்கம் வெள்ளை அக்ரிலிக் கூல் ரூப் பெயிண்ட் இரண்டு கோட். இதை எந்தப் பூச்சியும் தின்னாது. சிமெண்ட் ஷீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தால் ஒரு கோடை போகும், ஜி.ஐ. தகரத்தில் சுண்ணாம்பு ஒட்டாது. சூட்டுக்காக ஷீட் மேல் தென்னோலை பரப்புவது பூரானுக்கும் எலிக்கும் கொட்டகை போட்டுக் கொடுப்பது.

இனி அலைகள். ஜி.ஐ. நெளிதகரத்தின் அலை ஆழம் சுமார் 18 மி.மீ., சிமெண்ட் ஷீட்டில் 48 மி.மீ. இரண்டிலும் எலி தாராளமாகப் போகும். 10 செ.மீ. அகல மெஷ் பட்டையை அலைக்கேற்பக் கையால் வளைத்துச் செருகுங்கள். சிமெண்ட் ஷீட்டுக்கு மேலே ஒன்றுக்கு நான்கு கலவை பூசலாம். தகரத்துக்குக் கலவை கூடாது. ஈரச் சிமெண்ட் துத்தநாகப் பூச்சை அரிக்கும், வெயிலில் நீண்டு இரவில் சுருங்கும் தகரம் கலவையை வெடிக்கவும் வைக்கும். அங்கே மெஷ்ஷைச் சட்டத்தோடு ஸ்குரு போட்டு, பியூ சீலண்ட் இழுத்தால் போதும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளையிட நேர்ந்தால் தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டே செய்யுங்கள், தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கூரை மோட்டில் வௌவால் இருந்தால், எல்லாம் பறந்து போன பின், இரவில் மூட வேண்டும், குட்டிகள் பறக்கப் பழகாத காலத்தில் மூடக்கூடாது. நிபா பயத்தில் அடித்துக் கொல்கிறார்கள். அந்த வைரஸோடு பேசப்படுவது பழந்தின்னி வௌவால். செட்டுக்குள் தொங்குவது பெரும்பாலும் பூச்சி தின்னும் சின்ன வகை. பொந்துக்குள் கை விடாமல் இருந்தால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையில் பூச்சி அண்டாததைப் பார்த்துவிட்டு, சாமான் செட்டுக்குள்ளும் சிரட்டையைப் போட்டுப் புகை மூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே ரப்பர் ஷீட்டும் போமும் இருக்கும்போது ஒரு தீப்பொறி போதும்.

பாம்புச் சட்டை கிடக்கிறது

எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். அதற்கென்று தனி ஓட்டை கிடையாது, மேலே சொன்ன 6 மி.மீ. அடைப்பே குட்டிக் கட்டுவிரியனையும் தடுக்கும். சட்டை கண்டால் அன்றே அடைக்காதீர்கள். வனத்துறையைக் கூப்பிடுங்கள், பாம்பைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. காய்ந்த மட்டை, ஓட்டுக்குவியல், விறகு எதையும் சுவரோடு சேர்த்து அடுக்காதீர்கள்.

கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அசையாமல் படுக்க வைத்து 108க்கு அழையுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல விஷமுறிவு மருந்து உள்ள இடத்துக்குப் போக வேண்டும். நம் மலையடிவார ரப்பர் விளைகளில் மூக்கு தூக்கிய சின்னக் குழிவிரியனும் உண்டு. நாட்டில் கிடைக்கும் பொது விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குமானது. குழிவிரியன் கடிக்கு அது வேலை செய்யாது. அதனால் கடித்த பாம்பு எப்படி இருந்தது என்று மருத்துவரிடம் சொல்வது முக்கியம். பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை.

காலித் தேன்பெட்டியில் நூலாம்படை, புழு

மெழுகுப்பூச்சி. தேன் பருவம் முடிந்து பெட்டியைச் செட்டில் வைத்தால் பழைய அடையைத் தேடி வரும். அடையை உள்ளே வைக்காமல் உருக்கி மெழுகாக்கிவிட்டு, சட்டத்தை வெயிலில் காயவைத்து, காற்றோட்டமாக அடுக்குங்கள். மருந்து வேண்டாம், அடுத்த பருவத்தில் தேனீ அதே பெட்டிக்குள்தான் வரப்போகிறது.

எல்லாம் அடைத்த பிறகு தகரம் உள்ளே வேர்க்கிறது, பூஞ்சை பிடிக்கிறது

காற்றையும் சேர்த்து அடைத்துவிட்டீர்கள். இந்த அளவு செட்டுக்கு மொத்தம் ஒரு சதுர அடிக் காற்றுவழி வேண்டும், வலை மறைக்கும் பங்கையும் சேர்த்தால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி கிழக்குச் சுவரில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், பாதி எதிர்ப்பக்கம் கூரைச் சாய்வின் நிழலில். சாரல் அடிக்கும் தென்மேற்கு மூலையைத் தவிருங்கள். ஈர உரமூட்டையையும் பச்சை ஒட்டுப்பாலையும் உள்ளே பூட்டி வைத்தால் எத்தனை ஓட்டை வைத்தாலும் வேர்க்கும்.

அடைத்து நாலாம் நாள் பிணநாற்றம்

உள்ளே எலி மாட்டிச் செத்திருக்கிறது. நாற்றம் எந்தச் சுவரில் அதிகம் என்று பார்த்து, நீல ஈ மொய்க்கும் இடத்தைக் கவனியுங்கள், பெரும்பாலும் அதற்கு ஒரு அடிக்குள் கிடக்கும். ஹாலோ பிளாக்கில் என்றால் உளியால் ஒரு முகத்தை மட்டும் உடைத்து, இடுக்கியால் எடுத்து, ப்ளீச்சிங் கரைசல் ஊற்றி, திரும்பச் சிமெண்ட் வைத்து மூடுங்கள். எட்டாத இடமென்றால் பத்துப் பதினைந்து நாளில் காய்ந்து அடங்கும், அதுவரை இரண்டு காற்றுவழியையும் திறந்து விடுங்கள். பிறகு அந்தச் சுவரின் மேல்வரிசைக் குழியை இன்னொரு முறை ஏணி வைத்துப் பாருங்கள். மூடாத ஒன்று அங்கே இருக்கும்.